புதன்கிழமையின் நாற்பத்து மூன்று நிமிடங்கள்

பதினொரு மணிக்கு இளம்பரிதி அழைப்பார். அழைத்தவுடன் இரண்டில் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும், நாட்காட்டியா, நேரமானியா. இப்போது பத்து இருபத்தொன்று. இன்னும் முப்பத்தொன்பது நிமிடங்கள். இதைவிடக் குறைந்த நேரத்தில் ஒரு தடித்த கோப்பைப் படித்து, குறிப்பெழுதி, ஒப்பமிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பியவள் நான். கணினியில் ஓடும் இரண்டு செயலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேற்று மாலையிலிருந்து ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று யாராவது கேட்டால் காலையில் காபி இரண்டு முறை குடித்துவிட்டேன் என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. இரண்டு முறை குடித்தேனா என்பதும் உறுதியில்லை. கழுவும் தொட்டியில் இரண்டு டம்ளர்கள் கிடந்தன, அவ்வளவுதான் தெரியும். ஒன்று நேற்றையதாக இருக்கலாம். நான் முதல் நாள் டம்ளரை மறுநாள் காலை வரை தொட்டியில் விட்டுவைப்பவள் அல்லேன். ஆகவே இரண்டு முறை. ஆகவே காபிதான். இந்த அறையில் ஏழு பெண்கள் இருக்கிறோம், தில்லைநகர் ஏழாம் குறுக்குத் தெருவில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான வினாத்தொகுப்புகளைத் தயாரிக்கிறோம். ஆறு பேர் தட்டச்சு செய்கிறார்கள், நான் பிழை பார்க்கிறேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. இந்த நிறுவனத்தை நடத்தும் இளம்பரிதி என்னை வேலைக்கு எடுத்த அன்று சொன்னார், “உங்க கண்ணுல ஒரு புள்ளி கூடத் தப்பாதுன்னு கேள்விப்பட்டேம்மா.” தப்பாது. இதுவரை தப்பியதில்லை.

நாட்காட்டி என்பது எளியது. இன்று காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இன்ன வேலை, பன்னிரண்டு முதல் ஒன்று வரை இன்ன வேலை என்று அவரவர் தத்தம் கட்டங்களை முன்கூட்டியே நிறம் தீட்டி வைக்க வேண்டும். எல்லாருடைய கட்டங்களும் எல்லாருக்கும் தெரியும். சொன்னதைச் செய்தாயா என்று அது கேட்பதில்லை, மாலையில் பக்கங்களை எண்ணினால் தெரிந்துவிடும். நேரமானி வேறு வகை. இவர்கள் அதை டைமர் என்கிறார்கள். கணினியைத் திறந்ததும் ஓடத் தொடங்குகிறது, ஐந்து நிமிடங்கள் விசைப்பலகையையும் மவுசையும் தொடாமல் இருந்தால் திரையின் நடுவே ஒரு பெட்டி எழும்புகிறது: நீங்கள் பணியில் இருக்கிறீர்களா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஒரு நிமிடத்துக்குள் விடை இல்லையென்றால் இளம்பரிதிக்குச் செய்தி போய்விடும், அந்த நேரம் முழுவதும் அசைவற்ற நேரம் என்று குறிக்கப்படும். முதல் நாள் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது நான் சிரித்தேன். எங்கள் பள்ளியில் பெயர் வாசிக்கும்போது உள்ளேன் அம்மா என்று எழுந்து சொல்வோம். வராதவள் வரவில்லை என்று எப்படிச் சொல்வாள்? இல்லை என்ற பொத்தானை அழுத்துவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டுமே, இருக்கிறவள் இல்லை என்று ஏன் அழுத்தப்போகிறாள், இதைச் செய்தவர்கள் பொத்தான் செய்யும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம் என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். மோகனப்பிரியா, எங்களுள் இளையவள், வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டையும் ஒரு வாரம் சேர்த்து ஓடவிட்டோம், எது நிலைப்பது என்பதை மூத்தவளான நான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. அசைவற்ற நேரம் பத்து விழுக்காட்டைத் தாண்டியவர்களின் ஒப்பந்தத்தை அடுத்த காலாண்டுக்குப் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று இளம்பரிதி எழுதியிருந்தார். தாண்டியவர்கள் இருவர். ஒருத்தி ஜெசிந்தா. மற்றவள் நான்.

ஜெசிந்தாவுக்குக் காரணம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. மூன்றேகாலுக்கு எழுந்து போய்ப் பின்தெருப் பள்ளியிலிருந்து மகளை அழைத்துவந்து படியோரம் உட்காரவைத்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்வாள். அதற்கு ஈடாக மதிய உணவை இருக்கையிலேயே முடித்துக்கொள்வாள். நாட்காட்டியில் அதை அவள் ஊதா நிறத்தில் தீட்டியிருந்தாள், ‘பிள்ளை’ என்று ஒரே சொல். நாட்காட்டி வந்தால் அவள் இருப்பாள், நேரமானி வந்தால் போவாள். அறையில் எல்லாருக்கும் இது தெரியும். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் ஆறு முகங்களும் நிமிர்ந்து பிறகு குனிந்தன. மோகனப்பிரியாவுக்குத்தான் எதுவும் கவலையில்லை. அவள் மவுசின் வாலில் நூலைக் கட்டி, மறுமுனையை மேசை விசிறியின் கூண்டில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனவள். விசிறி இடமும் வலமுமாகத் திரும்பத் திரும்ப மவுசு மேசையில் ஊர்ந்துகொண்டே இருந்ததாம். “வாரத்துலயே நல்லா வேல செஞ்சது நாந்தான் மேடம், தொண்ணூத்தெட்டு பர்சென்ட். ஃபேனுக்குத்தான் பாவம், ஓவர்டைம்.” நான் முறைத்தேன். இவளுக்கு வந்த பாராட்டு ஒரு விசிறிக்கு வந்தது. எனக்கு வந்த கறை? “உங்க ரிப்போர்ட்ட நான் கணக்குலயே எடுத்துக்கலம்மா,” என்று இளம்பரிதி வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார், “நீங்க பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனா வெச்சுப் பாக்குறவங்க, டைமருக்கு அதெல்லாம் என்ன தெரியும்.” எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். தாளில் பிழை பார்ப்பவளின் கை விசைப்பலகையில் இராது, ஆகவே எந்திரம் அவளைச் சோம்பேறி என்று எழுதுகிறது. எவ்வளவு ஒழுங்கான விளக்கம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாட்களுக்கும் சட்டை போல் பொருந்துகிறது.

புதன்கிழமைக்குப் பொருந்தவில்லை. புதன்கிழமை தாளே இல்லை. செவ்வாய் மாலையே அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது, கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னவளும் நானே, வியாழன் காலை உறை பிரித்து மாட்டியபோது விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டதும் எனக்குத்தான். புதன்கிழமை நான் திரையிலேயே படித்தேன், கண் எரிகிறது என்று இரண்டு முறை சொன்னேன். அறிக்கை சொல்கிறது: புதன், பதினொன்று நாற்பத்திரண்டு முதல் பன்னிரண்டு இருபத்தைந்து வரை, அசைவற்ற நேரம், நாற்பத்து மூன்று நிமிடங்கள். நான் எங்கே இருந்தேன்? சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று முப்பதுக்குக் கேன் தண்ணீர் வந்தது, அதை நினைவுகூர முடிகிறது, கேனைச் சாய்க்கும்போது குபுகுபுவென்று எழும்பிய ஒலி கூடக் காதில் இருக்கிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், எலுமிச்சைச் சாதம், மோகனப்பிரியா ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். இவற்றுக்கு நடுவே கையை விட்டுத் துழாவுகிறேன். ஒன்றுமில்லை. மங்கலாக ஏதாவது இருந்தாலாவது பரவாயில்லை. பக்கம் ஒட்டிக்கொண்ட புத்தகத்தைப் போல் கேன் தண்ணீருக்கு அடுத்த பக்கம் எலுமிச்சைச் சாதமாக இருக்கிறது. கழிவறைக்குப் போயிருப்பேன். நாற்பத்து மூன்று நிமிடங்களா? கண்ணயர்ந்திருப்பேன். மோகனப்பிரியா அதை விட்டுவைத்திருப்பாளா, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பாள். பத்து முப்பத்து மூன்று. எதிர்வீட்டு மாடியில் யாரோ மெத்தையைத் தட்டுகிறார்கள். போன மாதம் ஒரு காலை நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரைச் செய்யலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் கையெழுத்து. சரியான விடைகள். தனியாக வாழ்பவளின் வீட்டில் வேறு யார் வந்து நிரப்பப்போகிறார்கள் என்று அன்று சிரித்தேன், பிறகு அந்த நாளிதழை நான்காக மடித்துப் பழைய தாள்களின் அடியில் வைத்தேன். ஏன் அடியில் வைத்தேன்?

நாட்காட்டி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஜெசிந்தா இருப்பாள், ஆறு முகங்களும் மலரும், கண்டிப்பானவள் என்று பெயரெடுத்தவள் இரக்கத்தின் பக்கம் நின்றாள் என்று பேசிக்கொள்வார்கள். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் அந்தப் பெட்டியிடமிருந்து ஓடுகிறேன். ஜெசிந்தாவின் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓடுகிறேன். பத்து நாற்பது. இப்படி ஒளிந்துகொள்பவர்களை நான் எப்படி நடத்தினேன்? அலுவலகத்தில் வருகைப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கும். சரியாகப் பத்து பத்துக்குச் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன், அடிக்கோல் வைத்து. அதற்குப் பின் வருகிறவர்கள் கோட்டின் கீழே ஒப்பமிட வேண்டும், மாதத்தில் மூன்று முறை கீழே இட்டால் அரைநாள் விடுப்பு கழியும். கமருன்னிஸா தட்டச்சர். ஒரு நாள் பத்து பதினான்குக்கு வந்தாள், அந்த மாதத்தில் மூன்றாவது முறை. “நாலே நிமிஷம் மேடம்,” என்றாள். கோடு கோடுதான் என்றேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் கொடுத்தேன், அது என் கடமை. மாலையில் விளக்கம் வந்தது, ஒற்றைத் தாளில், ஒரு தட்டச்சுப் பிழை இல்லாமல்: பேருந்தை விட்டு இறங்கியவுடன் நின்ற இடம் இன்னதென்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை, அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது, பிறகு தெரிந்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். நான் அதை இடைவேளையில் வாய்விட்டுப் படித்தேன். பதினெட்டு வருஷமா வர்ற ஆபீசுக்கு வழி தெரியலையாம், அடுத்த தடவை வீட்டு அட்ரஸ் தெரியலைன்னு எழுதுவா என்று நான் சொன்னதற்குத் தேநீர் புரையேறும்படி எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள், சன்னல் ஓரத்தில், தட்டச்சுப்பொறியின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு. தாளின் ஓரத்தில் எழுதினேன்: ஏற்கத்தக்கதன்று. அடுத்த ஆண்டே அவள் விருப்ப ஓய்வில் போனாள். நான்தான் அந்தக் கோப்பையும் நகர்த்தினேன். பிறகு அவள் என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. எட்டு ஆண்டுகளாக விசாரிக்கவில்லை, இந்தச் சனிக்கிழமைதான் விசாரிக்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பத்து நாற்பத்தேழு. ஜெசிந்தாவிடம் கேட்கலாம், அவள் மேசை என் மேசைக்கு நேர் எதிரே. கேட்டால் கேள்வியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கேட்காவிட்டால் பதினொரு மணிக்குப் பொய் சொல்வேன், அது பொய் என்று யாருக்கும் தெரியாத பொய். நாக்கு வறண்டிருக்கிறது. தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்காகப் போகிறவள் போலவே எழுந்து, அவள் மேசையருகில் நின்றேன்.

“ஜெசிந்தா, போன புதன்கிழமை, பிரிண்டர் ஓடாத அன்னிக்கு, பதினொன்னே முக்கால் வாக்குல நான் இடத்துல இருந்தேனா? ஒரு சின்ன சந்தேகம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எங்கூடத்தான இருந்தீங்க மேடம்.”

“உன்கூடவா?”

“ஆமா மேடம். ஆறுகள் பாடத்துல நாப்பது கேள்வி சிக்கலா இருக்குன்னு சொன்னேன்ல, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து ஒவ்வொன்னா சொல்லிட்டே வந்தீங்க, நான் திருத்திட்டே வந்தேன். உங்க பொட்டி அங்க கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்.” சிரித்தாள். “அப்பத்தான மேடம் அந்த மணிக் கதையக்கூடச் சொன்னீங்க.”

“எந்த மணி?”

“கும்பகோணத்துல நீங்க ஆறாவது படிக்கிறப்ப, மணியடிக்கிற அம்மா வரலன்னு உங்கள அடிக்கச் சொன்னாங்களாம். நீங்க பத்து நிமிஷம் முன்னாடியே அடிச்சு ஸ்கூலையே வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாம். யாருமே கண்டுபிடிக்கலயாம். நெசமாவே நீங்களா மேடம் அப்டிச் செஞ்சீங்க?”

நானேதான். ஐம்பது ஆண்டுகளாக அதை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம் கூட. அப்படியானால் நான் அங்கே இருந்திருக்கிறேன், சோம்பி இருக்கவில்லை, தூங்கவில்லை, நாற்பது வினாக்களைத் திருத்தியிருக்கிறேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கப் பார்த்தது, பாதி வழியில் நின்றுவிட்டது. இருந்தேன் என்பதற்கு இவள் சாட்சி. எனக்கு நான் சாட்சி இல்லை. இதோ இந்த நாற்காலி, இதன் கைப்பிடியில் நெகிழி பிய்ந்திருக்கிறது, நாற்பத்து மூன்று நிமிடங்கள் இதில் கை வைத்திருந்தால் விரலுக்காவது தெரிய வேண்டும். தடவிப் பார்த்தேன். புதிதாகத்தான் இருந்தது.

“அப்புறம்?” என்றேன்.

ஜெசிந்தா திரையின் பக்கம் திரும்பினாள். “அப்புறம் ஒன்னுமில்ல மேடம். அதே கதைய இன்னொரு தடவையும் சொன்னீங்க. மொதத் தடவ சொல்ற மாதிரியே. நானும் மொதத் தடவ கேக்குற மாதிரி சிரிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.”

புட்டியை நிரப்பாமலே என் இருக்கைக்குத் திரும்பினேன். பத்து ஐம்பத்து நான்கு. அவள் சிரித்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஓரத்தில் எதுவும் எழுதவில்லை, தேநீர் வேளையில் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு கதையை இரண்டாம் முறை கேட்டுச் சிரிக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நின்ற இடம் இன்னதென்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியம் எவ்வளவு சரியான வாக்கியம் என்று இப்போது தெரிகிறது, மிகையில்லை, குறையில்லை, கமருன்னிஸா, நீ அதை எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய், எத்தனை தாள்களைக் கிழித்தாய். ஐம்பத்தாறு. நாட்காட்டி என்றால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை, நான் கட்டங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டே இருக்கலாம், பிழை திருத்தம் என்று பச்சையில், பிழை திருத்தம் என்று பச்சையில், நாள் முழுவதும் பச்சை, அதற்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாத வரைக்கும். ஒரு புள்ளி தப்பும். பிறகு ஒரு விடை தப்பும். யாரோ ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகும். ஐம்பத்தெட்டு. நேரமானி என்றால் ஜெசிந்தா போவாள். விசிறி இருக்கும். கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு நிமிடங்கள் முன்னதாகவே அழைத்துவிட்டார்.

“சொல்லுங்கம்மா, எது?”

“மத்தவங்களுக்கு நாட்காட்டி, தம்பி. எழுதினபடி செய்யிறாங்களான்னு சாயங்காலம் பக்கத்த எண்ணினா போதும். டைமர ஒரு ஃபேனே ஏமாத்திடுச்சு.” மோகனப்பிரியா மேசைக்கடியில் எதையோ தேடினாள்.

“சரிம்மா, நீங்க சொன்னா சரி. அப்ப டைமர எடுத்துடலாம்.”

“எனக்கு மட்டும் இருக்கட்டும்.”

“உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம், நீங்க தாள்ல பாக்குறவங்க.”

“இனிமே திரையிலயே பாக்குறேன். நான் பாத்து முடிச்சத ஜெசிந்தாவும் ஒரு தடவ பாத்துட்டு அனுப்பட்டும், அவ கண்ணு நல்ல கண்ணு. என் டைமர் செய்தியும் அவளுக்கே போகட்டும்.” அவர் ஏதோ கேட்க வந்தார். “தம்பி, நான் காரணம் இல்லாம எதுவும் சொல்றதில்ல. எழுதித் தர்றேன்,” என்று வைத்துவிட்டேன். அறையில் யாரும் தட்டச்சு செய்யவில்லை. ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழுதுவிடுவாள் போலிருந்தது; அதற்கு இடம் கொடுக்காமல் சொன்னேன், “உன் திரையில என் பேர் வந்தா, நீ எழுந்து வந்து என்னைக் கூப்பிடணும். அவ்வளவுதான். கதை சொல்லிட்டிருந்தாலும் கூப்பிடு.” மோகனப்பிரியா வந்து அமைப்பை மாற்றிக்கொடுத்தாள், வழக்கமான கேலி இல்லாமல்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்வது என் வழக்கமன்று. பதினொன்று பன்னிரண்டுக்கு விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தேன். ஐந்து நிமிடங்கள், முந்நூறு நொடிகள், பெட்டி வரும், விடை சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் கழித்து அவள் நாற்காலி நகரும். நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணத் தொடங்கினேன். எழுபது. மெத்தை தட்டும் ஒலி நின்றிருந்தது. நூற்றிருபது, எலுமிச்சை வாசனை, யாருடைய சாப்பாட்டுப் பெட்டியோ. நூற்றெண்பது, சிவப்பு மை புட்டியில் தீர்ந்துபோனால் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவோம், கோடு ரோஜா நிறத்தில் விழும், அதுவும் கோடுதான். இருநூறு. இதோ சரியாக எண்ணுகிறேன், ஒன்று கூடத் தவறவில்லை, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்று, இருநூற்றுப் பதினான்கு,

தோளில் ஒரு கை.

“மேடம்.”

“வந்துட்டியா. நல்லது,” என்றேன். “சரியா வேல செய்யுதான்னுதான் பாத்தேன். பெட்டி வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டியே.”

ஜெசிந்தாவின் கை தோளிலிருந்து நகரவில்லை. பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள், “மெசேஜ் வந்ததுலேர்ந்து மூணு தடவ வந்து கூப்பிட்டேன் மேடம்.”

சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தொன்று காட்டியது. திரையின் நடுவே பெட்டி நின்றுகொண்டிருந்தது, எவ்வளவு நேரமாகவோ, பொறுமையாக. நீங்கள் பணியில் இருக்கிறீர்களா? மவுசை எடுத்தேன். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பை வலப்பக்கம் நகர்த்தி, இல்லை என்று அழுத்தினேன்.